ஓயோங் குடும்பம்

ஜூன் 2, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். கடல் தாண்டி மிரியில் விமானம் இறங்கி, மரக்கட்டை லாரி ஓடுகிற செம்மண் சாலையில் ஹைலக்ஸ் வண்டியில் குலுங்கி, லோங் லாமாவிலிருந்து படகில் நாலு மணி நேரம். இடுப்பு கழன்றுவிட்டது. உமா தெலாங் என்கிற இந்த நீளவீடு ஆற்று மேட்டில் கால் ஊன்றி நிற்கிறது. ஒரே கூரை, ஒரே தாழ்வாரம், இருபத்திரண்டு கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு காயான் பழங்குடிக் குடும்பம். எங்கள் ஊர் தைப்பிங்கில் நாங்கள் இருப்பதும் வரிசை வீடுதான், அதுவும் ஒரே கூரைதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சீனர் பெயர் பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

வேலை எளிது. எங்கள் அருங்காட்சியகத்தில் காயான் மக்களுக்கென்று ஒரு கூடம் திறக்கப் போகிறார்கள். கதவு கதவாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன பழம்பொருள் வைத்திருக்கிறார்கள் என்று பதிவேடு எழுத வேண்டும். பொருள் கொடுக்கிற குடும்பங்களின் பெயரைக் கூடத்து வாசலில் பலகையில் செதுக்குவார்கள். பிறகு விளக்க அட்டைகள். முப்பது வருஷமாக என் பிழைப்பே அதுதான்: கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டை, நாற்பது வார்த்தைக்கு மிகாமல்.

வரவேண்டியவன் என்னோடு வேலை செய்கிற ஃபரீத். அவனிடமிருந்து நான்தான் பிடுங்கிக்கொண்டேன். ஜூன் முப்பது வரை. மனைவிக்குப் பிரசவ நேரம், பாவம், அவன் வீட்டில் இருக்கட்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். அவளுக்கு ஆகஸ்டில்தான் நாள்.

படகிலிருந்து இறங்கி ஏணிப்படி ஏறியதும் வீட்டுத் தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கிப் பெயர் கேட்டார். தணிகாசலம் என்றேன். அந்தப் பெயர் அவர் வாயில் தானி என்று சுருங்கியது. அடுத்த மூச்சிலேயே எத்தனை பிள்ளைகள் என்றார். இல்லை என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ச்சு கொட்டினார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

பிள்ளைகளைப் பற்றி ஏன் முதலில் கேட்டார்கள் என்று இன்று புரிந்தது. இங்கே ஒருவனுக்கு முதல் குழந்தை பிறந்தால் அவன் பெயரே மாறிவிடுகிறது. தலைவரின் பெயர் தாமான் ஜோக். தாமான் என்றால் அப்பா. ஜோக்கின் அப்பா. அவர் மனைவி ஹினான் ஜோக், ஜோக்கின் அம்மா. மலாயில்தான் பேசிக்கொள்கிறோம், என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"உங்க பழைய பேரு என்ன?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? ஜோக் பொறந்த அன்னிக்கே அது போயிடுச்சு" என்று சிரித்தார். "நாப்பத்தாறு வருஷம் ஆச்சு."

பிள்ளை இல்லாதவர்களுக்கு முன்னால் ஒன்றும் சேராது. வெறும் பெயர்தான். ஆக ஐம்பத்து நாலு வயதில், வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக, நான் இந்த வீட்டில் வெறும் தானி. ஆற்றில் குதித்து விளையாடும் வாண்டுகளும் நானும் ஒரே வரிசை. அதுகளைக் கூப்பிடுகிற அதே தொனியில் "தானி, சாப்பிட வா" என்று கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் பரிதாபமாகவும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 4, புதன்

என்னைத் தங்க வைத்திருப்பது பதினோராம் கதவு. கணவர் படகு ஓட்டுகிறவர், ஓயோங் லாயிங். என் வயதுதான் இருக்கும். மனைவி ஓயோங் உசுன், வாய் ஓயாத பெண்மணி. லாயிங் ஒரு நாளைக்குப் பேசுவதை உசுன் அரிசி களையும் நேரத்தில் பேசிவிடுகிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

காயான்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று ஃபரீத் சொல்லியிருந்தான். கணவனுக்கும் மனைவிக்கும் முன்னால் ஒரே பெயர் இருக்கிறதே, அது என்னவாம்? பதிவேட்டில் 'குடும்பப் பெயர்: ஓயோங்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஃபரீத்துக்கு என்ன தெரியும்.

அவர்கள் சுவரில் ஒரு பொருள் தொங்குகிறது. குழந்தையை முதுகில் சுமக்கிற பிரம்புக் கூடை. வெளிப்பக்கம் முழுக்க மஞ்சளும் கறுப்புமாக மணிக்கோலம், விளிம்பில் சிப்பிகள். அசைந்தால் சலசலக்கும் போலிருக்கிறது. மேலாளர் கொடுத்த பட்டியலில் பதினாலாம் எண் இதுதான். 'நல்ல நிலையில் உள்ளது கிடைத்தால் அவசியம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

ஜூன் 6, வெள்ளி

மழை. ஐந்து முதல் எட்டு வரையான கதவுகள் முடிந்தன. முப்பத்தொரு பாய், ஒன்பது முறம், இரண்டு சண்டைச் சேவல். சேவலைப் பதிவேட்டில் சேர்க்க முடியாது என்று ஒருவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு மரத்தடி இருக்கிறது. அங்கே ஏறினால்தான் கைப்பேசிக்குச் சிக்னல். ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் பாதி வீடு அங்கே போய்க் கையை உயர்த்தி நிற்கிறது. நானும் ஏறினேன். முட்டி இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன.

மனைவி சுலோவிடமிருந்து மூன்று செய்திகள்.

'சாப்டாச்சா.'

'ஐயர்கிட்ட சொல்லியாச்சு. 24ஆம் தேதி காலைல ஏழு மணிக்கு.'

'24க்குள்ள வந்துருங்க.'

யாருக்கோ எழுதின மாதிரி இருக்கிறது. முன்னால் ஒரு கூப்பிடல் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் சுலோ இப்படி எழுதமாட்டாள்.

இருபத்து நாலாம் தேதி வீட்டில் ஒரு வருஷக் காரியம். நான் இல்லாமலும் நடக்கும். மச்சான் இருக்கிறார், கூடமாட நின்று செய்வார். 'இங்கே வேலை முடிய முப்பது ஆகும்' என்று பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அதைப் படித்தாள் என்று காட்டும் இரண்டு நீலக் கோடு விழும்வரை நின்றேன். விழுந்தது. பதில் வரவில்லை.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மிரியில் இருக்கும் பிள்ளைகளோடு கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் தனியாக இருந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

லாயிங் விடியற்காலையில் வலை போட்டுப் பெரிய மீன் ஒன்று கொண்டுவந்தார். செதில் பெரிதாக, முள் கணக்கில்லாமல். உசுன் அதை மூங்கிலில் வேகவைத்து வாழை இலையில் கொட்டினார். இஞ்சி வாசனை தூக்கியது. நன்றாகச் சாப்பிட்டேன்.

"தானி" என்றார் உசுன். "தட்டு ஓரத்துல என்ன அது?"

பார்த்தேன். முள் எடுத்த மீன் சதை, சின்னச் சின்னத் துண்டாக, ஒரு கைப்பிடி ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.

"பழக்கம்" என்றேன்.

"முள்ள எடுத்துட்டு சாப்பிடாம வைக்கிறதா? அது என்ன பழக்கம்?"

"எங்க ஊர்ப் பழக்கம்."

உசுன் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்தத் துண்டுகளை நானே சாப்பிட்டு முடித்தேன்.

அட்டை எழுதினேன்: 'மூங்கிலில் சமைத்தல். இலை, மீன், உப்பு, இஞ்சி. பாத்திரம் கழுவும் வேலை இல்லை.' கடைசி வாக்கியத்தை மேலாளர் அடித்துவிடுவார்.

ஜூன் 12, வியாழன்

பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரமாக யோசித்து, இன்று கேட்டுவிட்டேன். சுவரில் இருக்கும் அந்தக் குழந்தைக் கூடையை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பீர்களா? கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், விளக்குப் போடுவோம், கீழே உங்கள் குடும்பப் பெயர் இருக்கும். இங்கே சும்மாதானே தொங்குகிறது என்றும் சொல்லிவைத்தேன். காலியாகத்தானே இருக்கிறது என்றேன்.

உசுன் பிரம்பு பிளந்துகொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அது காலியா இல்ல" என்றார்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஏதாவது நம்பிக்கை சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். பொறுமையாகப் பேசி வாங்க வேண்டும்.

மாலையில் மணி கோக்கிற பெண்களிடம் ஒரு மாலை எடுத்தேன். நீலமும் வெள்ளையும், மெல்லியது. இளவயதுப் பெண்கள் போடுகிற மாதிரி. யாருக்கு என்று கேட்டார்கள். சும்மா என்றேன். எனக்கே தெரியவில்லை ஏன் எடுத்தேன் என்று. கடை கண்ணியில் கை தானாகப் போய்விடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

நாலாம் கதவில் ஓர் ஓயோங், பதினாறாம் கதவில் ஒரு கிழவர், அவரும் ஓயோங். பெரிய குடும்பம்தான். லாயிங் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன், நீங்கள் எல்லாரும் அண்ணன் தம்பி வழியா, சித்தப்பா பெரியப்பா வழியா என்று.

லாயிங் தகர டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஒரு வகையில சொந்தம்தான்" என்றார்.

பதிவேட்டில் வரைபடம் போட்டேன். மேலே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன், மூதாதைக்கு. பெயர் விசாரிக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதிவிடுகிறேன்.

பிரார்த்தனை முடிந்து எல்லாரும் தாழ்வாரத்தில் கூடியிருந்தார்கள். பதிவேட்டில் பிழை இருந்தால் திருத்தலாம், சத்தமாகப் படி என்றார் தாமான் ஜோக். எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். கதவு ஒன்று, கதவு இரண்டு என்று போனது. பெயரை நான் உச்சரிக்கும் அழகுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகையில் குடும்பங்களைத் தொகுத்துச் செதுக்கப் போகிறோம் என்று சொல்லி, பெருமையாக அந்த இடத்துக்கு வந்தேன்.

"ஓயோங் குடும்பம். கதவு நாலு, பதினொன்று, பதினாறு. இந்த வீட்டின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒரு குழந்தையை வாயைப் பொத்தி உள்ளே தூக்கிப் போனார்கள். பதினாறாம் கதவுக் கிழவர் தரையைப் பார்த்தார்.

நான் விட்டேனா? உசுனைப் பார்த்து, எல்லார் முன்னாலும், மலாயில் தெளிவாகக் கேட்டேன்: "இந்தப் பேரை உங்க குடும்பத்துக்கு முதல்ல யார் வச்சாங்க?"

லாயிங்தான் சொன்னார்.

"எங்க பையன்."

புரியாமல் நின்றேன். தாமான் ஜோக் எழுந்து வந்து என் தோளில் கை போட்டு என்னை உட்கார வைத்தார். கோபமே இல்லாமல் மெதுவாகச் சொன்னார்.

"தானி, அது குடும்பப் பேரு இல்ல. மூத்த பிள்ளய பறிகொடுத்தவங்களுக்கு நாங்க வைக்கிற பேரு. அப்பாவுக்கும் அதான், அம்மாவுக்கும் அதான். மத்த வீடுங்கள்ல இதெல்லாம் நெறைய பேரு விட்டுட்டாங்க. நாங்க விடல." என் தோளைத் தட்டி, "அந்தக் குடும்பத்துல யாரும் ஆசப்பட்டுச் சேர்றதில்ல" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஹினான் ஜோக் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். அவர்கள் நினைத்தது வெட்கத்தால் என்று. வெட்கம்தான். வெட்கமும்தான்.

ஜூன் 16, திங்கள்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

லாயிங் மேலாற்றுக்குப் பிரம்பு வெட்டப் போனார். கூட வா என்றார். பயந்துகொண்டே போனேன்.

பாறை வந்த இடங்களில் இயந்திரத்தைத் தூக்கிக் கழியால் தள்ளினார். ஒரு மணல் திட்டில் ஒதுங்கிச் சோற்றுப் பொட்டலம் பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்காக மறுபடி மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டித் தள்ளினார்.

"பதினாலு வருஷம் ஆச்சு. ஒம்போது வயசு அவனுக்கு. ஆத்துல வெள்ளம் வந்த நாளு." அவ்வளவுதான் சொன்னார். "பொதைச்சிட்டு வந்த மறுநாள் காலைல எழுந்திரிச்சு வெளிய வந்தேன். தாமான் ஜோக் நின்னாரு. மொதல் தடவையா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அன்னிலேர்ந்து அதான்."

"கஷ்டமா இல்லையா? ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் ஞாபகம் வருமே."

"கூப்பிடாட்டி மட்டும் மறந்துருமா?" என்றார். "புதுசா ஒருத்தன் வந்தா பேரைக் கேப்பான். சொன்னா போதும். அவனே குரலக் கொறச்சுக்குவான், கண்டதக் கேக்க மாட்டான். நான் ஒண்ணும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல. உன் ஊர்ல எப்படி?"

"படத்துக்கு மாலை போடுவோம். விளக்கு ஏத்துவோம்."

"பேரு?"

"பேரு மாறாது."

"அப்ப மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றேன். "சொன்னாத்தான் தெரியும்."

அவர் தலையாட்டிவிட்டு இலையை மடித்தார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மீன்கொத்தி ஒன்று குறுக்கே பறந்தது, அதற்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன்.

இறந்தவர் பெயரை இங்கே வாய்விட்டுச் சொல்வதில்லையாம். மகனின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

பட்டியலில் பதினாலாம் எண்ணை அடித்துவிட்டேன். 'கிடைக்கவில்லை' என்று எழுதினேன். மேலாளர் கத்தட்டும்.

மதியம் மறுபடியும் மீன். லாயிங் வெளியே போயிருந்தார். நானும் உசுனும் மட்டும். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று உசுன் கையை நீட்டி என் தட்டு ஓரத்தில் சேர்ந்திருந்த மீன் துண்டுகளைத் தன் விரலால் தொட்டார்.

"பையனா, பொண்ணா?"

கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன்.

"மொத தடவ மீன் சாப்பிட்டப்பவே தெரியும்" என்றார். "பிள்ளை பெறாதவன் முள் எடுத்து ஓரத்துல வைக்க மாட்டான். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"பொண்ணு" என்றேன். "இருபத்தோரு வயசு. அப்பவும் மீன் முள் எடுக்கத் தெரியாது அதுக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை, ஆற்றோரத்தில், எனக்குச் சொந்தமில்லாத மொழியில், பதினாறு நாள் பழக்கமான ஒருத்தியிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம், காய்ச்சல் மூன்றாம் நாள். சுலோ வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை எனக்கு அலுவலகத்துக்குப் போன் செய்தது. "அப்பா, தலை சுத்துது, எழுந்திரிக்க முடியல" என்றது. நான் ஓர் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் அமைச்சர் வருகிறார், அவசரம். "ஒரு பனடோல் மாத்திரை போட்டுட்டுப் படு, சாயந்தரம் வந்து பாக்கறேன்" என்றேன். சாயந்தரம் வந்து பார்த்தேன். டெங்கி. இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அட்டை இன்னும் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஒரு பழைய செம்புக் குடத்துக்கு. முப்பத்தெட்டு வார்த்தை.

நான் அழுது முடிக்கும்வரை உசுன் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"உன் வீட்டுக்காரி உன்னை என்னன்னு கூப்பிடுவா?"

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றேன். பிள்ளை பிறந்ததிலிருந்து, பிள்ளை பெயரைச் சொல்லி அதோடு அப்பா என்று சேர்த்துத்தான் சுலோ என்னைக் கூப்பிட்டாள். நானும் அவளை அப்படித்தான், அம்மா என்று சேர்த்து. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என்னவோ ஆயிற்று. முப்பது வருஷமாக ஊருலகத்து வழக்கத்தையெல்லாம் அட்டையில் எழுதுகிறவன், என் வீட்டு வழக்கத்தை ஒரு நாளும் கவனித்ததில்லை.

உசுனுக்கு ஒரே ஆச்சரியம். "அப்ப நீயும் தாமான்தான்! மொத நாளே சொல்றதுக்கென்ன?" என்று தொடையில் தட்டினார். உடனே குரல் தணிந்தது. "இப்ப என்னன்னு கூப்பிடறா?"

"ஒண்ணும் கூப்பிடறதில்ல."

"நீ?"

"நானும்."

"ஒரு வருஷமாவா? ரெண்டு பேரும் பேரில்லாம ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

ஆமாம். அப்படித்தான் இருக்கிறோம். கதவைத் தட்டிக் கூப்பிடுகிறோம். தொண்டையைச் செருமிக் கூப்பிடுகிறோம். சாப்பாடு ரெடி என்று காற்றைப் பார்த்துச் சொல்கிறாள், காற்றைப் பார்த்து வருகிறேன் என்கிறேன். அவள் அந்தப் பெயரை நிறுத்தியது, அந்தப் பெயருக்கு எனக்கு இனி யோக்கியதை இல்லை என்பதால் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் போன் விஷயம் அவளுக்குத் தெரியும், பிள்ளையே சொல்லியிருந்தது. ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் இருபத்து நாலாம் தேதியைத் தாண்டும்படி இந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். இதை மறைக்க இனி என்ன இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

காலையில் தாழ்வாரத்துக்கு வந்தேன். தாமான் ஜோக் சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஓயோங் தானி" என்றார். "தூங்கினியா?"

உசுன் சொல்லியிருக்கிறார். தாழ்வாரம் முழுக்க அரை மணி நேரத்தில் அந்தப் பெயராகிவிட்டது. யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. வாண்டுகள்கூடக் கொஞ்சம் விலகி வழி விட்டன. பதினாறாம் கதவுக் கிழவர் தன் பக்கத்தில் பாயைத் தட்டி உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஒரு வருஷத்தில் இவ்வளவு லேசாக நான் எங்கேயும் உட்காரவில்லை.

பிறகு பதிவேட்டைத் திருத்தினேன். குடும்பப் பெயர் என்று போட்டிருந்த பத்தியை மொத்தமாக அடித்தேன். வரைபடத்தைக் கிழித்தேன். பதினோராம் கதவுக்கு நேராக விருந்தினர் என்று என் வரியும் இருந்தது: 'தணிகாசலம், பிள்ளை இல்லை.' அதை அடித்து மேலே எழுதினேன்: 'பிள்ளை ஒன்று. பெண்.'

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. லாயிங்கிடம் கேட்டேன், இந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, என் மனைவிக்கும் கொடுக்கலாமா என்று.

"கொண்டு போ. அவளும்தானே பெத்தா" என்றார். பிறகு யோசித்தார். "ஆனா ஒண்ணு. நாங்க செத்தவங்க பேரைச் சொல்றதில்ல, அதான் எங்களுக்கு இது. உங்க ஊர்ல சொல்லலாம்னா, நீ ஏன் சொல்லாம இருக்கே?"

நாளைக்கு அடுத்த நாள் காலை லோங் லாமாவுக்குப் படகு எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். மீதிக் கதவுகளை ஃபரீத் வந்து முடிக்கட்டும். பாவம், முதலிலிருந்தே இது அவனுக்கு வரவேண்டிய வேலைதான்.

ஜூன் 20, வெள்ளி

உசுன் காலையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். உப்பிட்டுக் காயவைத்த ஆற்று மீன். "முள் நெறைய இருக்கும். உன் வீட்டுக்காரிக்கு எடுத்துக் குடு" என்றார். சட்டைத்துணிகளுக்கு நடுவில் மணிமாலையோடு சேர்த்து வைத்தேன். மாலையைப் படத்துக்குப் போடலாம்.

மதியம் தனியாக மேட்டுக்கு ஏறினேன். வார நாள், மரத்தடியில் யாரும் இல்லை. கீழே நீளவீட்டின் தகரக் கூரை நீளமாகத் தெரிந்தது. யாரோ நெல் குத்துகிற சத்தம். கைப்பேசியை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை உள்ளே வைத்தேன். நாலாம் தடவை அழைத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். காற்றுக்குச் சொல்கிற அதே குரல்.

"நாளைக்கிக் கிளம்பறேன். இருபத்தி ரெண்டு வந்துருவேன்."

"வேல?"

"வேலய விடு."

"சரி. அண்ணன்கிட்ட சொல்லிடறேன். சாமான்லாம் வாங்கியாச்சு. ஐயர்தான் கேட்டாரு, யாரு உக்காந்து செய்யறாங்கன்னு. என்ன சொல்றதுன்னு தெரியல எனக்கு."

"நான்தான் செய்வேன்னு சொல்லு" என்றேன்.

"ம்."

வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை அவளோடு பேசினபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"சாரும்மா" என்றேன். சாருவின் அம்மா.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இரண்டு கோடு இருந்தது. மறுபடி காதில் வைத்தேன். மூச்சு கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே நெல் குத்துகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன்.